சிகரெட்டை நிறுத்த ஸ்னஸா, சூயிங்கமா, மாத்திரையா?

நார்வேயிலும் ஸ்வீடனிலும் இருக்கும் வாசகர்கள் அடிக்கடி கேட்பது இது: "ஆபீஸில் பல பேர் சிகரெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உதட்டுக்குள் ஸ்னஸ் என்ற புகையிலைப் பையை வைத்துக்கொள்கிறார்கள். நானும் அதற்கு மாறிவிடட்டுமா?" தமிழ்நாட்டிலிருந்து அதே கேள்வி வேறு வேஷத்தில் வருகிறது: "தம்மை நிறுத்தத்தான் கூல் லிப் என்ற புகையிலைப் பையைப் பிடித்தேன். புகைதானே நுரையீரலைக் கெடுக்கிறது, இதில் புகையே இல்லையே?"

இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே வாதம். ஆளைப் பிடித்து வைத்திருப்பது நிக்கோட்டின். ஆளைக் கொல்வது எரிந்த புகை. ஆகவே எரிக்காத புகையிலைக்கு மாறினால் பிழைத்தோம். வாதம் முழுப் பொய் இல்லை. தாரும் கார்பன் மோனாக்சைடும் எரிவதால் வருபவைதான். ஆனால் இதை நிரூபிக்க நடந்த ஆய்வுகளில் கணிசமானவற்றுக்குச் செலவு செய்தவர்கள் புகையிலை விற்பவர்கள். அதற்காக அவற்றைக் குப்பையில் போட வேண்டியதில்லை. எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று பார்த்துப் படித்தால் போதும்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்தும் சிகரெட் இல்லாமல் இருக்கிறார்களா? (ஆறு வாரக் கணக்கு உதவாது. முதல் மாதம் எல்லோரும் வீரர்தான்.) சிகரெட் போன பிறகும் உடம்பில் மிச்சமிருக்கும் ஆபத்து எவ்வளவு? மாற்றாகப் பிடித்ததைப் பிறகு விட முடியுமா? நீங்கள் இருக்கும் ஊரில் அது சட்டப்படி, தரக் கட்டுப்பாட்டோடு கிடைக்கிறதா? கடைசியாக, ஆய்வுக்கு யார் பணம் கொடுத்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள்?

இதில் "எதோடு ஒப்பிட்டார்கள்" என்பதைத்தான் பலரும் கேட்பதில்லை. சிகரெட்டோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய எதுவும் ஜெயிக்கும். நிறுத்த நினைப்பவருக்கு வேண்டியது ஸ்னஸுக்கும் சூயிங்கத்துக்கும், ஸ்னஸுக்கும் மாத்திரைக்கும் நடந்த போட்டியின் முடிவு.

## ஸ்னஸ்: ஸ்வீடன் ரகம்

அரைத்த புகையிலையைச் சூடாக்கிப் பதப்படுத்தி, நொதிக்க விடாமல், சின்னப் பையில் அடைத்து மேலுதட்டுக்கு அடியில் வைப்பது ஸ்னஸ். துப்ப வேண்டியதில்லை. புகையிலையில் புற்றுநோயைத் தூண்டும் நைட்ரோசமைன்கள் பெருகக் காரணம் நுண்ணுயிரிகள். சூட்டில் அவை அழிவதால் ஸ்னஸில் அந்த நச்சு மற்ற வாய்ப் புகையிலைகளைவிடக் குறைவு. ஸ்னஸ் தயாரிக்கும் ஸ்வீடிஷ் மேட்ச் நிறுவனம் கோத்தியாடெக் என்ற பெயரில் தனக்கென்று ஒரு தர வரம்பும் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1992-இல் இந்த வகைப் புகையிலையின் விற்பனையைத் தடை செய்தது. 1995-இல் ஒன்றியத்தில் சேர்ந்த ஸ்வீடன் விலக்கு வாங்கிக்கொண்டது. நார்வே ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால் அங்கும் விற்பனை உண்டு.

நிறுவனங்கள் முதலில் காட்டும் சாட்சி ஸ்வீடன் நாடேதான். அங்கே தினமும் புகைப்பவர்கள் இப்போது 6 சதவீதத்துக்கும் கீழே. ஐரோப்பாவில் மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. ஆண்களிடம் நுரையீரல் புற்றுநோயும் குறைவு. இதெல்லாம் உண்மை. ஆனால் அதே காலத்தில் ஸ்வீடன் பெண்களும் பெருமளவு புகைப்பதை விட்டார்கள், ஆண்கள் அளவுக்கு ஸ்னஸைத் தொடாமலே. வரி, பொது இடத் தடை, மருத்துவமனை ஆலோசனை இவையும் சேர்ந்து இழுத்த தேர் அது.

நாட்டுக் கணக்கை விட்டுவிட்டு, ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரித்து நடத்திய சோதனைகளுக்கு வருவோம். ஸ்வீடிஷ் மேட்ச் செலவில் நடந்தவற்றில் இரண்டு முக்கியம். முதலாவது செர்பியாவில், பெல்கிரேடில், 319 பேரிடம் 48 வாரம் நடந்து 2011-இல் வெளியானது. சிகரெட் எண்ணிக்கையைப் பாதியாக்குவதுதான் முதன்மை இலக்கு. அதில் ஸ்னஸ் வாங்கியவர்களும் நிக்கோட்டின் இல்லாத போலிப் பை வாங்கியவர்களும் சமம். முழுக்க விட்டவர்கள் ஸ்னஸ் பக்கம் கூடுதலாகத் தெரிந்தார்கள், ஆனால் அது தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. இரண்டாவது அமெரிக்காவில், 250 பேரிடம், 2012. ஆறாம் வாரத்தில் ஸ்னஸ் அணி முன்னே இருந்தது. 28-ஆம் வாரம் வரை தொடர்ந்து சிகரெட்டைத் தொடாமல் இருந்தவர்கள்? ஸ்னஸ் அணியில் 4 சதவீதம், போலிப் பை அணியில் 1.6 சதவீதம்.

நிறுவனம் இந்த எண்களை மறைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான கார்ல் ஓலோவ் ஃபாகர்ஸ்ட்ரோமும் சாமானியர் இல்லை. நிக்கோட்டின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று அளக்க உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் கேள்வித்தாள் அவர் பெயரில் இருக்கிறது. சிக்கல் ஆய்வு முடிந்த பிறகு தொடங்குகிறது. "உதவுகிறதாம்" என்ற சேதி மட்டும் ஊர் சுற்றுகிறது. நூற்றுக்கு நான்கு பேர் என்ற எண் கூடவே போவதில்லை.

அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதியில் நடந்தவை வேறு கதை சொல்கின்றன. 2016-இல் வெளியான ஒன்றில், மாற விரும்பிய 391 பேருக்கு ஸ்னஸோ 4 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கமோ கொடுத்தார்கள். நிறுத்தியவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் ஸ்னஸ் அணியினரின் உடலில் நச்சு அதிகம், திருப்தியும் குறைவு. 2017-இல் வந்த இன்னொன்று 1,236 பேரிடம் நடந்தது. உடனே நிறுத்தும் எண்ணம் இல்லாதவர்கள். இலவச ஸ்னஸ் வாங்கியவர்கள் சிகரெட்டை நிறுத்த முயன்றதே மற்றவர்களைவிடக் குறைவு. கையில் ஒன்று இருக்கும்போது அவசரம் போய்விடுகிறது போலும். ரெனால்ட்ஸ் சிகரெட் நிறுவனத்தின் ஆய்வாளர்களே பின்னாளில் தங்கள் ஸ்னஸையும் வாயில் கரையும் நிக்கோட்டின் லோசஞ்சையும் மோதவிட்டுப் பார்த்தார்கள். ஸ்னஸ் முந்தவில்லை.

மறைந்திருக்கும் செலவு இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது. வெளியே சிகரெட், விமானத்திலும் மீட்டிங்கிலும் ஸ்னஸ். அமெரிக்காவில் கேமல் ஸ்னஸ் வந்தபோது, புகைக்க முடியாத இடங்களுக்கு ஏற்றது என்ற தொனியில்தான் விளம்பரம் செய்தார்கள். நிறுவனங்களின் உள் ஆவணங்களைத் துருவி 2013-இல் வந்த ஓர் ஆய்வு, ஐரோப்பாவில் வாய்ப் புகையிலைமேல் அவர்களுக்கு வந்த ஆர்வத்தின் பின்னால் சிகரெட் விற்பனை சரிவதைப் பற்றிய கவலையும், இளைஞர்மேல் வைத்த கண்ணும் இருந்ததைக் காட்டியது. "இருபதிலிருந்து ஐந்துக்கு வந்துவிட்டேன்" என்று மகிழ்பவருக்கு ஒரு எண்: நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் இதய நோயின் கூடுதல் ஆபத்து, இருபது பிடிப்பவருக்கு இருப்பதில் கிட்டத்தட்ட பாதி என்று 2018-இல் வந்த பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. குறைத்ததற்கு ஏற்ற பலன் இதயத்துக்குப் போய்ச் சேராது.

முழுக்க மாறினாலும் கணக்கு பூஜ்யத்துக்கு வராது. கர்ப்பிணிகளுக்கு ஸ்னஸ் கூடாது. குறைப்பிரசவம், குழந்தை வயிற்றிலேயே இறப்பது ஆகியவற்றின் ஆபத்து கூடுகிறது. மாரடைப்பு வந்த பிறகு ஸ்னஸை விட்டவர்களிடம், தொடர்ந்தவர்களைவிட இறப்பு சுமார் பாதிதான் என்று 2014-இல் ஒரு ஸ்வீடன் ஆய்வு கண்டது. கணையப் புற்றுநோய் பற்றி வழக்கு முடியவில்லை: 2007-இல் ஆபத்து இரட்டிப்பு என்றார்கள், பத்து வருடம் கழித்து வந்த கூட்டாய்வு தொடர்பில்லை என்றது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019 அக்டோபரில் ஸ்வீடிஷ் மேட்சின் 'ஜெனரல்' ஸ்னஸுக்கு ஒரு விளம்பர வாசகத்தை அனுமதித்தது. ஸ்னஸ் சிகரெட்டை நிறுத்த உதவும் மருந்து என்பதற்குச் சான்றாக அதைப் பலர் காட்டுகிறார்கள். சிகரெட்டுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தினால் சில நோய்களின் ஆபத்து குறையும் என்று சொல்லிக்கொள்ள மட்டுமே அனுமதி. நிறுத்த உதவும் என்று விற்க அனுமதி இல்லை.

## நம் ஊர்ப் பொட்டலம்: ஹான்ஸ், கூல் லிப், குட்கா

இந்தப் பகுதியை எழுத வேண்டியிருப்பதே ஸ்னஸ் ஆய்வுகளின் பக்கவிளைவு. கூல் லிப்பும் சின்னப் பைதான், உதட்டுக்குள்தான் வைக்கிறார்கள். பார்வைக்கு ஸ்னஸின் தம்பி. ஆனால் மேலே சொன்ன சோதனைகள் எதிலும் அது இல்லை. கைனி, ஜர்தா என்ற இந்திய வாய்ப் புகையிலை வகைகளில் நைட்ரோசமைன் ஸ்னஸில் இருப்பதைப்போல் பல மடங்கு அளந்திருக்கிறார்கள். சுண்ணாம்பு சேரும்போது நிக்கோட்டின் ரத்தத்தில் வேகமாக ஏறும், அதனால் பிடி இன்னும் இறுகும். குட்காவில் பாக்கும் உண்டு; பாக்கு தனியாகவே புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது.

இதயத்துக்கும் சலுகை இல்லை. 52 நாடுகளில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மெல்லும் புகையிலை மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு சுமார் இரண்டே கால் மடங்கு. மென்று, புகைக்கவும் செய்பவர்களுக்கு நான்கு மடங்கு.

தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013 முதல் தடை வருடாவருடம் நீட்டிக்கப்பட்டு வந்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. கூல் லிப் மாணவர்களிடம் பரவுவதைப் பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024-இல் கவலைப்பட்டது. பெட்டிக்கடையில் மறைத்து விற்கும் பொட்டலத்துக்குத் தர வரம்பு ஏது?

2016–17 தேசியக் கணக்கெடுப்பில் இந்தியாவில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், வாய்ப் புகையிலை பயன்படுத்துபவர்கள் 21.4 சதவீதம். மெல்லுவது புகைப்பதிலிருந்து நம்மை மீட்கும் என்றால் நாம் எப்போதோ ஸ்வீடன் ஆகியிருப்போம். எந்தச் சூழ்நிலையிலும் இதற்கு என் ஓட்டு இல்லை.

## வெள்ளைப் பைகள், வேப்பிங்

ஸின் (Zyn) போன்ற வெள்ளை நிக்கோட்டின் பைகளில் புகையிலை இலை கிடையாது. நிக்கோட்டின் உப்பும் நாரும் சுவையும். இலை இல்லாததால் நைட்ரோசமைன் ஸ்னஸைவிடவும் குறைவு. ஸின்னை விற்கும் ஸ்வீடிஷ் மேட்சை 2022-இல் மார்ல்போரோ விற்கும் ஃபிலிப் மோரிஸ் இன்டர்நேஷனல் வாங்கிவிட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் 20 ஸின் வகைகளை விற்க அனுமதி கிடைத்தது, இதுவும் நிறுத்தும் மருந்தாக இல்லை. சிகரெட்டை நிறுத்த உதவுமா என்பதற்கு நீண்ட கால, சுதந்திரமான சோதனைகள் இன்னும் சொற்பம். மென்மையாக இருப்பதால் நாள் முழுக்க வாயில் ஒன்று இருக்கும். விடுவது அடுத்த யுத்தம்.

வேப்பிங்குக்கு, அதாவது மின் சிகரெட்டுக்கு, வெளிநாடுகளில் நல்ல சான்று உண்டு. இந்தியாவில் 2019 முதல் தடை, பேசிப் பயனில்லை.

## நிக்கோட்டின் சூயிங்கம், பேட்ச்

வேடிக்கை என்னவென்றால் சூயிங்கத்தின் தாய்வீடும் ஸ்வீடன்தான், அதன் மூலமும் வாய்ப் புகையிலைதான். 1967-இல் லுண்ட் பல்கலைக்கழகத்தின் கிளாஸ் லுண்ட்கிரேன், லியோ மருந்து நிறுவனத்தின் ஓவே ஃபெர்னோவுக்கு எழுதினார்: நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத மாலுமிகள் வாய்ப் புகையிலைக்கு மாறிச் சமாளிக்கிறார்கள், நிக்கோட்டினை மட்டும் வாய்வழியே கொடுத்தால் என்ன? அதிலிருந்து பிறந்ததுதான் நிக்கோரெட். ஸ்னஸ் செய்கிற வேலையை, புகையிலையைக் கழித்துவிட்டுச் செய்ய முடியும் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே காட்டிவிட்டார்கள்.

சான்று தாராளம். 2018-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 130-க்கும் மேற்பட்ட சோதனைகளை, 64,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொகுத்துப் பார்த்தது. நிறுத்தும் வாய்ப்பு 50 முதல் 60 சதவீதம் கூடுகிறது. இங்கும் பணம் யாருடையது என்று கேட்க வேண்டும். மருந்து நிறுவனச் செலவில் நடந்த சோதனைகளில் பலன் கொஞ்சம் ஊதித் தெரிகிறது என்று 2007-இல் ஓர் அலசல் காட்டியது. ஆனால் அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பலன் நிற்கிறது. ஸ்னஸால் தாண்ட முடியாத சோதனை அது. (இன்னொரு செய்தி: நிக்கோட்டின் சூயிங்கம் தயாரிக்கும் டென்மார்க்கின் ஃபெர்டின் ஃபார்மாவை 2021-இல் ஃபிலிப் மோரிஸ் இன்டர்நேஷனல் வாங்கியது. நோயும் மருந்தும் ஒரே கல்லாவில்.)

நம் ஊரில் சூயிங்கம் தோற்பதற்குப் பெரும் காரணம் மெல்லும் முறை. பபிள்கம் மாதிரி நறநறவென்று மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். சுமார் அரை மணி நேரம். அதற்குக் கால் மணி முன்னாலிருந்து காபி, டீ, ஜூஸ் வேண்டாம். வாயில் புளிப்பு ஏறினால் நிக்கோட்டின் உள்ளே போகாது. இரண்டாவது தவறு கஞ்சத்தனம். முதல் ஆறு வாரம் ஒன்று, இரண்டு மணிக்கொரு தரம் போட வேண்டியதை நாளைக்கு இரண்டோடு நிறுத்திவிட்டு "வேலை செய்யவில்லை" என்பார்கள். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 2 மில்லிகிராம் பற்றாது, 4 வேண்டும். தோலில் நிக்கோட்டின் பேட்ச் ஒட்டிக்கொண்டு, ஆசை வரும்போது சூயிங்கமும் போடுவது, ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட மேல்.

2 மில்லிகிராம் சூயிங்கம் நம் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமலே கிடைக்கும். மாதக்கணக்கில் வாங்கும்போது செலவு கடிக்கும், பேட்ச் இன்னும் விலை. சிலர் வருடக்கணக்கில் சூயிங்கத்திலேயே தங்கிவிடுவதும் உண்டு. சிகரெட்டுக்குத் திரும்புவதைவிட அது எவ்வளவோ தேவலை.

## மாத்திரை: வரெனிக்ளின், புப்ரோபியான்

வரெனிக்ளின் மூளையில் நிக்கோட்டின் உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். ஏக்கமும் தணியும், சிகரெட்டின் ருசியும் போகும். நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி 12 வாரம். ஒற்றை மருந்துகளில் இதற்குத்தான் சான்று வலுவானது. வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டால் நிறுத்துபவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல். மனநிலையைப் பாதிக்கும் என்ற பயம் நெடுங்காலம் இருந்தது. 8,144 பேரிடம் நடந்து 2016-இல் வந்த சோதனை அதைப் பெரிதும் தணித்தது. அதற்கும் பணம் ஃபைசரும் கிளாக்ஸோஸ்மித்க்ளைனும் கொடுத்ததுதான், ஆனால் நடத்தச் சொன்னது அரசுக் கட்டுப்பாட்டாளர்கள். 2021-இல் ஃபைசரின் மாத்திரையிலேயே ஒரு நைட்ரோசமைன் மாசு கண்டு திரும்பப் பெற்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குமட்டல், விசித்திரக் கனவுகள் சகஜம். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்கினால் குமட்டல் குறையும். இன்னொரு மாத்திரையான புப்ரோபியான் வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. இரண்டுக்கும் மருத்துவர் சீட்டு வேண்டும்.

## வெறுங்கையும் பேச்சுத்துணையும்

துணையே இல்லாமல் நிறுத்துபவர்களில் ஒரு முயற்சிக்கு 100-இல் 3 முதல் 5 பேர் நிலைக்கிறார்கள். குறைவுதான், ஆனால் செலவில்லை. ஆலோசனை சேர்ந்தால் எந்த வழியும் மேம்படும். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 அரசின் இலவச எண், தமிழிலும் பேசலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | ஆறு மாதம் கழித்து | மிச்ச ஆபத்து | விடுவது | ஆய்வுப் பணம் |
|---|---|---|---|---|
| ஸ்னஸ் | பலன் உறுதியில்லை | சிகரெட்டைவிட மிகக் குறைவு, ஆனால் உண்டு | கடினம் | புகையிலை நிறுவனம், சில அரசு ஆய்வுகள் |
| ஹான்ஸ், குட்கா வகை | சான்றே இல்லை | வாய்ப் புற்றுநோய், இதயம் | மிகக் கடினம் | – |
| வெள்ளைப் பை | சான்று சொற்பம் | ஸ்னஸைவிடக் குறைவு | கடினம் | பெரும்பாலும் விற்பவர்கள் |
| சூயிங்கம், பேட்ச் | ஒன்றரை மடங்கு | மிகக் குறைவு | படிப்படியாக முடியும் | மருந்து நிறுவனம், அரசு இரண்டும் |
| வரெனிக்ளின் | இரண்டு மடங்குக்கு மேல் | பக்கவிளைவு மட்டும் | 12 வாரத்தில் முடிவு | மருந்து நிறுவனம், அரசு இரண்டும் |
| வெறுங்கை | 100-இல் 3–5 | இல்லை | – | – |

உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டியில் வரெனிக்ளின், நிக்கோட்டின் மாற்று (சூயிங்கம், பேட்ச் போன்றவை), புப்ரோபியான், சிட்டிசின் என்ற இன்னொரு மருந்து, இந்த நான்கும் இருக்கின்றன. வாய்ப் புகையிலை எதுவும் இல்லை.

## யாருக்கு எது

எழுந்ததும் பற்றவைப்பவர், நாளைக்கு ஒரு பாக்கெட்டுக்கு மேல் போகிறவர் நேரே மருத்துவரிடம் வரெனிக்ளின் பற்றிக் கேளுங்கள். ஆகாது என்றால் பேட்சும் 4 மில்லிகிராம் சூயிங்கமும். டீக்கடையில் நண்பர்களோடு மட்டும் பிடிப்பவருக்கு 2 மில்லிகிராம் சூயிங்கமும் அந்த இலவச எண்ணும் பெரும்பாலும் போதும். கர்ப்பிணிகளும் சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் எதையும் தாமாகத் தொடங்க வேண்டாம்.

ஸ்னஸுக்கு இடமுள்ள ஒரு சூழ்நிலை உண்டு. ஆஸ்லோவிலோ ஸ்டாக்ஹோமிலோ இருக்கிறீர்கள், மாத்திரையும் சூயிங்கமும் முறையாகப் பயன்படுத்தித் தோற்றுவிட்டீர்கள், இனி ஒரு சிகரெட்கூட இல்லை என்று தேதி குறிக்கத் தயார் என்றால் ஸ்னஸ் சிகரெட்டைவிட மேல்தான். அந்தத் தேதிக்குப் பிறகும் பையில் சிகரெட் பாக்கெட் இருந்தால் அது நிறுத்துவது ஆகாது, இன்னொரு செலவு. ஏற்கெனவே முழுக்க ஸ்னஸுக்கு மாறி வருடங்கள் ஆனவர் அவசரப்பட்டு விட்டுச் சிகரெட்டுக்குத் திரும்பிவிட வேண்டாம்; வலிமை குறைந்த பைக்கும், பிறகு சூயிங்கத்துக்கும் இறங்குங்கள்.

தம்மை நிறுத்த ஹான்ஸோ கூல் லிப்போ பிடித்தவர் இன்றிலிருந்தே அந்த இடத்தில் சூயிங்கத்தை வையுங்கள். அதோடு ஒருமுறை பல் மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள். ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்காதது, காரம் பட்டால் எரிச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த வாரம் என்று தள்ளாமல் போங்கள்.